தூக்கிய வண்டி தூக்கிப் போடுகிறதா? இறக்குவதா, ஷாக் மாற்றுவதா, முழு செட் போடுவதா

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். பள்ளத்தூர்க்காரர் ஒருவரிடம் பழைய மாடல் மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது. முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் போல்ட்டை முறுக்கி உயர்த்தி, பின்னால் நீளமான ஷேக்கிள் (லீஃப் ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு) போட்டிருக்கிறார். தேவகோட்டை நண்பரிடமும் அதே தார்தான். தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றுவதற்காகப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாக வைத்திருக்கிறார். கோட்டையூர் தம்பியிடம் இருப்பது இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட மாருதி ஜிம்னி. "உயரம் நல்லா இருக்கு அண்ணே, ஆனா உட்கார முடியல." மூன்று பேர் சொன்னதும் இதைத்தான். அடுத்து என்ன வாங்குவது என்பதுதான் மூவருக்கும் குழப்பம்.

இந்தக் குழப்பத்தில் நானும் ஒரு வருடம் இருந்தவன். என்னுடைய 2015 தாரை உயர்த்திய பிறகு ஆத்தாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் குன்றக்குடிக்குப் போனேன். மூன்றாவது வேகத்தடையில் ஆத்தா முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோயில் வாசலில் இறங்கி இடுப்பைப் பிடித்தபடி, "மாட்டு வண்டியே தேவலாம்ப்பா" என்றார். மறு வாரமே காசைக் கையில் எடுத்துக்கொண்டு ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கக் கிளம்பினேன். அங்கேதான் தவறு செய்தேன். இடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வாங்கப் போனேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் எந்த நேரத்தில் இடிக்கிறது என்பது. சக்கரம் மேட்டில் ஏறும்போது இடிக்கிறதா, மேட்டைத் தாண்டி இறங்கும்போது இடிக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். சக்கரம் மேலே ஏறவும் இடம் வேண்டும், கீழே தொங்கவும் இடம் வேண்டும். வண்டியைத் தூக்குகிறவர்கள் ஏறும் இடத்தை மட்டும்தான் நினைத்துப் பார்க்கிறோம். தொங்கும் இடத்தை அந்த உயரம் தின்றுவிடுகிறது. தொங்க இடம் இல்லாத சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், தொங்கலை நிறுத்தும் மேல் ஸ்டாப்பர் ரப்பரில் போய் முட்டும், அல்லது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு "டங்" என்று நிற்கும். அந்த அடி நேராக உடம்பில் இறங்கும். ஓட்டுகிறவருக்கு அது ஸ்பிரிங் கடினமாகிவிட்டது போலத்தான் தெரியும்.

பழைய தாரின் சி.ஆர்.டி.இ. எஞ்சின் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் லீஃப் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்). டார்ஷன் பார் என்பது சேஸிஸ் ஓரமாக நீளவாக்கில் ஓடும் ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனை ஆர்மில், மறு முனை சேஸிஸில் ஒரு போல்ட்டில். அந்தப் போல்ட்டை முறுக்கினால் வண்டி எழும்பும். "முறுக்கினா டைட் ஆயிடும், அதான் இடிக்குது" என்று பட்டறையில் சொல்வார்கள். அது சரியில்லை. கம்பி அதே கம்பிதான், அதன் கடினம் ஏறக்குறைய மாறுவதில்லை. மாறுவது உட்காரும் உயரம் மட்டுமே. பின்னால் பிளேட் சேர்ப்பது அப்படியல்ல, அங்கே ஸ்பிரிங்கே கடினமாகிவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கியைச் சேஸிஸில் கொடுத்து, டயர் தரையை விட்டுக் கிளம்பும் நொடி வரை தூக்கி, அதே இடத்தை மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சக்கரத்துக்கு மிச்சமிருக்கும் தொங்கல். என் வண்டியில் அது இரண்டு சென்டிமீட்டர் இருந்தது. கை விரல் இரண்டைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடக் குறைவு.

அப்புறம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுத்து, மேலும் கீழும் உள்ள ஸ்டாப்பர் ரப்பர்களின் முகத்தில் பூசுங்கள். காயவிட்டு, வழக்கமாக இடிக்கும் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். எந்த ரப்பரில் சுண்ணாம்பு நசுங்கி எதிரே உள்ள இரும்பில் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அடி. எனக்கு முன்பக்கம் கீழே உள்ள ரப்பர்கள் பூசினபடியே இருந்தன. தொங்கும்போது முட்டுகிற ரப்பர்கள் இரண்டிலும் சுண்ணாம்பு பிதுங்கிக் கிடந்தது.

இரண்டாவது அளவுகோல் பாதை. நம் பக்கத்தில் வண்டி போகிற தடம் மூன்று விதம்: திருமயம்–காரைக்குடி–தேவகோட்டை மாதிரி நெடுஞ்சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை வைத்த கிராமச் சாலை, தோப்புக்கும் கண்மாய்க் கரைக்கும் போகும் செம்மண் சரளை. மழை முடிந்து காய்ந்த சரளை வரிவரியாகக் கிடக்கும், அதில் தடதடப்பது வேறு, வேகத்தடையில் தூக்கிப் போடுவது வேறு. ஒரு வாரம் எந்தத் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துப் பாருங்கள். என் கணக்கில் சரளை பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மனதில் மட்டும் அது பாதியாக இருந்தது.

மூன்றாவது, பாரம். நான்காவது, வாங்கிய பிறகு வரும் செலவு. ஐந்தாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. விபத்து இழப்பீட்டின்போது இன்சூரன்ஸ் தரப்பு முதலில் பார்ப்பது இதையும்தான். உயரம் கூடக்கூட இந்தக் கவலையும் கூடும்.

## முதலில் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

இதை ஒரு வழியாகவே எண்ணுங்கள், ஏனென்றால் சிலருக்கு இதோடு முடிந்துவிடும்.

காற்று. பெரிய டயர் போட்டவுடன் டயர் கடையில் 40 பாயிண்ட் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கனத்த பக்கச்சுவர் உள்ள டயரில், பாரம் இல்லாத வண்டிக்கு அது கல்லு மாதிரி. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்து, 40 இருந்தால் 30 பக்கம் இறக்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சரளைத் தடதடப்பு பெருமளவு அடங்கினால் ஷாக் கடைக்குப் போகும் அவசரம் வேண்டாம். பாரம் ஏற்றும் நாளில் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதை மறந்தால் டயர் சூடாகும்.

அடுத்தது புஷ். லீஃப் முனைகளிலும் ஷேக்கிளிலும் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். அப்படி இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஸ்பிரிங் அசையும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கோடு சண்டை போட வேண்டும். ரைட் (வண்டியில் உட்கார்ந்து போகும் சுகம்) கடினமாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, மறுபடி இறுக்கினால் போதும். அரை மணி நேர வேலை. என் வண்டியில் பின்பக்கக் கடினம் இதிலேயே பாதி குறைந்தது. வேலை செய்த பட்டறையில் இதை யாரும் சொல்லவில்லை, காரைக்குடியில் லாரிக்கு லீஃப் கட்டும் பெரியவர் ஒருவர்தான் கையோடு காட்டினார்.

## வழி ஒன்று: பழைய உயரத்துக்கு இறக்குவது

தோற்றுப்போனது போல இருக்கும் என்பதாலேயே இந்த வழியை யாரும் எடுப்பதில்லை. எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

டார்ஷன் பார் வண்டியில் இறக்குவதற்கு ஆகும் செலவு ஒரு வீல் அலைன்மெண்ட் கூலிதான். போல்ட்டைத் தளர்த்தினால் வண்டி இறங்கும், தொங்கல் திரும்பக் கிடைக்கும், ரைட் அன்றைக்கே மாறும். முழுவதும் இறக்க வேண்டும் என்றும் இல்லை. நான் பாதி இறக்கினேன். தொங்கல் இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் ஆனது. அடுத்த முறை குன்றக்குடிக்குப் போனபோது ஆத்தா கம்பியைப் பிடிக்கவில்லை, பேசிக்கொண்டே வந்தார்.

இறக்கும்போது இடமும் வலமும் ஒரே அளவு வர வேண்டும். போல்ட்டின் சுற்றை எண்ணி நிறுத்தாதீர்கள், இரண்டு கம்பியும் ஒரே மாதிரி முறுக்கேறியிருக்காது. சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தே நிறுத்துங்கள். ஒவ்வொரு திருகுக்குப் பின்னும் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் பொய் சொல்லும்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. பெரிய டயர் போட்டிருந்தால் இறக்கிய பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஃபெண்டரில் உரசலாம். அப்போது டயரையும் மாற்ற வேண்டிவரும். வாரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை, பின் சீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் என்றால் இதுதான் சரியான வழி.

## வழி இரண்டு: உயரம் இருக்கட்டும், ஷாக்கை மட்டும் மாற்றுவது

எல்லோரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். இரண்டு நிலையில் மட்டுமே இது பலன் தரும்.

முதல் நிலை, பழைய ஷாக்கின் நீளம் புது உயரத்துக்குப் போதாமல் போவது. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு. முட்டுக் கொடுத்த ஜாக்கியை மெல்ல இறக்கும்போது ஆக்ஸில் இன்னும் கீழே இறங்கினால், இவ்வளவு நாளும் அதைப் பிடித்து வைத்திருந்தது ஷாக்தான். நீளமான ஷாக் போட்டால் தீரும். ஆனால் பிரேக் ஹோஸ் அந்த இறக்கத்துக்கு எட்டுகிறதா என்பதை அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். எட்டாமல் இழுபடும் ஹோஸ் ஒரு நாள் உயிரைக் கேட்கும்.

இரண்டாவது நிலை, ஷாக் செத்துப்போனது. மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கினால் அது இந்த நிலை. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவும் தெரியும்.

முன்பக்கம் டார்ஷன் பாரில் ஆர்ம் மேல் ஸ்டாப்பரில் முட்டிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு விலையுள்ள ஷாக் போட்டாலும் பலன் இல்லை. முட்டுவது ரப்பரும் இரும்பும். என் காசு போனது இங்கேதான். கடினமான கேஸ் ஷாக் நான்கு வாங்கினேன், வேகத்தடையில் அடி முன்பைவிட மோசமானது, சரளையில் தடதடப்பும் சேர்ந்துகொண்டது. பாரம் ஏற்றிய வண்டிக்கென்று இறுக்கி வைத்த ஷாக்கை வெறும் வண்டியில் மாட்டினால் அப்படித்தான் ஆகும்.

அளவுக்கு மேல் நீளமான ஷாக்கிலும் ஆபத்து உண்டு. சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் முழுக்க மூடிக்கொண்டால், அடி ஷாக்கின் உள்ளேயோ மாட்டும் பிராக்கெட்டிலோ விழும். வாங்குமுன் முழுக்கத் திறந்த நீளம், முழுக்க மூடிய நீளம் இரண்டையும் கேளுங்கள். "உங்க வண்டிக்கு இதுதான் செட் ஆகும்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

## வழி மூன்று: கோணங்களைத் திருத்துவது

இடி இல்லை, ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது, 70-க்கு மேல் தரை அதிர்கிறது. இப்படிச் சொல்கிறவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு வழியும் உதவாது.

உயரம் மாறினாலே கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கையாகும். டார்ஷன் பாரை அதிகம் முறுக்கிய வண்டியில் அலைன்மெண்ட் இயந்திரம் பச்சைக்கு வராமலே போகலாம், ஷிம் (கோணம் திருத்தும் தகடு) வைக்கும் இடம் தீர்ந்துவிடும். அது வண்டியே நம்மிடம் "இறக்கு" என்று சொல்வது.

அதிர்வுக்கு ஒரு சோதனை. அதிரும் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அதிர்வு உடனே கூடினாலோ குறைந்தாலோ, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சந்தேகியுங்கள். கால் எப்படி இருந்தாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால், டயர் பேலன்ஸ். பின்னால் நீளமான ஷேக்கிள் போட்டால் ஆக்ஸிலின் மூக்கு (ஷாஃப்ட் சேரும் முனை) மேலே நிமிர்கிறது. இரண்டு முனையிலும் கிராஸ் (கோணத்தில் சுற்ற உதவும் மூட்டு) உள்ள ஷாஃப்ட்டில், கியர்பாக்ஸ் பக்கக் கோணமும் ஆக்ஸில் பக்கக் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை இரண்டு ஃப்ளாஞ்சிலும் வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் நடுவே ஆப்பு போன்ற டிகிரி ஷிம் வைத்துத் திருத்தலாம், மலிவான வேலை. அப்படியே விட்டால் கிராஸ் போகும், அப்புறம் கியர்பாக்ஸ் பின் சீலில் எண்ணெய் கசியும்.

ஜிம்னி, ஜிப்ஸி போல முன்னாலும் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கு இந்த வழிதான் முதல் வழி. ஜிம்னியைத் தூக்கினால் ஆக்ஸில் சற்றே சுழன்று காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறைகிறது, ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலைகிறது. பக்கவாட்டில் ஆக்ஸிலைப் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடு நீளம் மாறாமல் வில் போன்ற பாதையில் அசைவதால், ஆக்ஸிலே ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். காஸ்டர் திருத்தும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு இரண்டும் இல்லாத லிஃப்ட் கிட் பாதிக் கிட்தான். வேகத்தில் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் படபடவென அடிக்க ஆரம்பித்தால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ராடு முனைகள், புஷ்கள், பேரிங் எல்லாவற்றையும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

## வழி நான்கு: முழு செட்

டார்ஷன் பார், லீஃப், ஷாக், புஷ், யூ-போல்ட் (லீஃபை ஆக்ஸிலோடு கட்டும் போல்ட்) எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாக ஒரே செட்டாக வாங்குவது. நல்ல செட் போட்ட வண்டியின் ஓட்டம் தனி. செலவு லட்சத்தைத் தொட்டுவிடும்.

செட் வாங்கும்போது கேட்க வேண்டியது பாரக் கணக்கு. இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூரையில் கேரியர் என்று எப்போதும் 200 கிலோ சுமக்கும் வண்டிக்கான லீஃப், வெறும் வண்டியில் மரக்கட்டை போல நிற்கும். லீஃப் கட்டும் அந்தப் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிளேட் கூட்டினா பாரம் தாங்கும் தம்பி, பள்ளம் தாங்காது."

இதற்குப் பின் வரும் செலவுகளை யாரும் சொல்வதில்லை. ஹெட்லைட் மேலே பார்க்கும், இறக்கி வைக்காவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும். சில வண்டிகளில் பின் ஆக்ஸில் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு லீவர் இருக்கும். தூக்கிய பிறகு அது "பாரம் இல்லை" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், லீவரைத் திருத்த வேண்டும். பழைய யூ-போல்ட்டை மறுபடி போடக் கூடாது, முதல் 500 கிலோமீட்டரில் எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்க வேண்டும்.

வாரம் இரண்டு நாளாவது கரடுமுரடில் போகிறவர், பாரம் நிலையாக இருக்கிறவர், வண்டியைப் பல வருடம் வைத்திருக்கப்போகிறவர் இதற்குப் போகலாம்.

| | இறக்குவது | ஷாக் மட்டும் | கோணம் திருத்துவது | முழு செட் |
|---|---|---|---|---|
| தீர்க்கும் நோய் | இறக்கத்தில் "டங்" அடி | ஆடி அடங்காமை, ஷாக் நீளம் போதாமை | அலைதல், இழுத்தல், அதிர்வு | பாரத்துக்கும் பாதைக்கும் பொருந்தாத ஸ்பிரிங் |
| கைச்செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | மிக அதிகம் |
| பின்னால் வருவது | டயர் உரசல் | தவறான நீளத்தால் உடைப்பு | அடிக்கடி அலைன்மெண்ட் | லைட், பிரேக், இன்சூரன்ஸ் |
| திரும்பி வர முடியுமா | எளிது | முடியும் | முடியும் | காசு போனது போனதுதான் |

## மூவருக்கும் சொன்னது

பள்ளத்தூர்க்காரரின் வண்டியில் முன்பக்கத் தொங்கல் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, பின்னால் 75-இல் அதிர்வு. பாதி இறக்கி, டிகிரி ஷிம் வைத்து, அலைன்மெண்ட் செய்யச் சொன்னேன். வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த ஷாக் காசு அப்படியே இருக்கிறது. மகளை இப்போது அதே வண்டியில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்.

தேவகோட்டை நண்பருக்குத் தேங்காய் ஏற்றுவது வாரத்தில் ஒரு நாள், மற்ற ஆறு நாளும் வெறும் வண்டி. கூடுதல் பிளேட்டைக் கழற்றிவிட்டு, ஏற்றும் நாளில் இரண்டு நடையாக எடுத்துக்கொள்ளலாமே என்றேன். ஒரு நடை கூடுவதற்கு ஆகும் டீசலையும் கழற்றும் கூலியையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கழற்றினால் புது யூ-போல்ட் நான்கும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கோட்டையூர் தம்பியின் ஜிம்னிக்கு ரைட் பிரச்சினையைவிட ஸ்டீயரிங் அலைதல்தான் பெரிது. அவர் வாங்கிய கிட்டில் காஸ்டர் புஷ்ஷும் இல்லை, பேன்ஹார்ட் ராடும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, ஆக்ஸில் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கிறது என்று அளக்கப்போகிறோம். டேப்பும் தூக்குக்குண்டும் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை 60-ஐத் தாண்டாதே என்றும்.